தனியே தேறும் ரேம் சேர்ந்தால் ஏன் தவறுகிறது?

மதர்போர்டில் நான்கு ரேம் ஸ்லாட்டுகள். இரண்டில் எட்டு எட்டு ஜிபி ஸ்டிக்குகள், மீதி இரண்டு காலி. வேலை பெருகி 16 ஜிபி போதாமல் போகும்போது, இன்னும் இரண்டு எட்டு ஜிபி ஸ்டிக்குகளை வாங்கிச் செருகினால் கணக்கு முடிந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும். செருகியதும் பயாஸ் 32 ஜிபி என்று காட்டும், விண்டோஸும் அதை ஒப்புக்கொள்ளும். சில நாள் கழித்து நீலத்திரை வரும். பிரவுசரில் ஒரு டேப் காரணமில்லாமல் செத்துப்போகும். விளையாட்டு நடுவில் மூடிக்கொள்ளும். இறக்கி வைத்த ஜிப் கோப்பு விரிக்கும்போது பிழை என்று சொல்லும், மறுபடி விரித்தால் சரியாக விரியும். அப்போது எழும் முதல் கேள்வி, ‘எந்த ஸ்டிக் கெட்டது?’ என்பது. ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் நான்குமே தேறிவிடும். பிறகு சந்தேகம் மதர்போர்டு மேல் விழும், பவர் சப்ளை மேல் விழும், கடைசியில் விண்டோஸை அழித்துத் திரும்ப நிறுவுவதில் போய் நிற்கும். நல்ல பாகங்கள் கடைக்குத் திரும்புகின்றன, கோளாறு வீட்டிலேயே இருந்துவிடுகிறது. முதல் கேள்வி பிழையாக அமைந்ததால் வரும் அலைச்சல் இது. கலப்பு ரேமில் பெரும்பாலும் பாகம் எதுவும் கெட்டிருப்பதில்லை. இன்ன வேகத்தில், இன்ன மின்னழுத்தத்தில் இவை சேர்ந்து ஓடும் என்ற உத்தரவாதம்தான் கலந்த கணத்தில் இல்லாமல் போகிறது. ஆகவே தேடலும் அந்த வேகத்தில் தொடங்க வேண்டும். பாகங்களைக் கழற்றுவது அதற்குப் பின்னால் வர வேண்டிய வேலை.

வேகம் என்று சொல்லும்போது எவ்வளவு நெருக்கடியான இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. டிடிஆர்4 ரேமில் 3200 என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு தரவுக் கம்பியும் நொடிக்கு 320 கோடி பிட்டுகளைக் கடத்துகிறது என்று பொருள். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 312.5 பிக்கோநொடி, பிக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மதர்போர்டின் செம்புத் தடத்தில் மின்குறி ஒரு நானோநொடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஓடும். அப்படியானால் ஒரு பிட்டின் நேரத்தில் அது கடப்பது ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. டிடிஆர்5இல் 6000 வேகம் என்றால் இரண்டரை சென்டிமீட்டர்தான். ஒரு பிட் ஸ்டிக்கைச் சேருமுன்பே அடுத்தது ப்ராசஸரிலிருந்து கிளம்பிவிடுகிறது. இந்த நிலையில் தடத்திலுள்ள ஒவ்வொரு இணைப்பும் கிளையும் குறியில் ஒரு பகுதியைத் திருப்பி எதிரொலிக்கும். அந்த எதிரொலி பின்னால் வரும் பிட்டின் மேல் விழும். ஸ்லாட்டில் இன்னொரு ஸ்டிக் ஏறினால் தடத்தின் சுமையும் எதிரொலியும் கூடுகின்றன. இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு சேனலின் (ப்ராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் தனிப் பாதையின்) இரண்டு ஸ்லாட்டுகளும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து அமைந்தவை. இதை டெய்சி செயின் அமைப்பு என்கிறார்கள். இரண்டே ஸ்டிக் இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடச் சொல்வது இதனால்தான். தடத்தின் முனையில் ஸ்டிக் உட்கார்ந்தால் தொங்கலாக ஒரு வெறும் கம்பி மிஞ்சாது.

கட்டளையும் முகவரியும் போகும் கம்பிகளின் பாடு இன்னும் கடினமானது. ரேங்க் என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து பதில் தரும் சிப்புகளின் தொகுதி; தரவுக் கம்பி ஒவ்வொன்றும் ஒரு ரேங்கில் ஒரு சிப்பை மட்டும் தொடும். முகவரிக் கம்பியோ அந்தச் சேனலிலுள்ள எல்லாச் சிப்புகளையும் தொட்டுச் செல்ல வேண்டும். ஒரு ரேங்குக்கு எட்டுச் சிப்பு, இரட்டை ரேங்க் ஸ்டிக்கில் பதினாறு; அப்படி இரண்டு ஸ்டிக் ஒரு சேனலில் ஏறினால் முப்பத்திரண்டு. அத்தனை சுமையையும் ஒரே கடிகாரச் சுற்றில் தெளிவாகச் சேர்ப்பிக்க முடியாமல் போகும்போதுதான் பயாஸில் கமாண்ட் ரேட் என்ற அமைப்பை 1டியிலிருந்து 2டிக்கு மாற்ற வேண்டி வருகிறது. கட்டளைக்கு ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று அவகாசம் தருவது இது. வேகத்தில் இழப்பது மிகச் சிறிது, நிலைத்தன்மையில் கிடைப்பது பெரிது. கலப்பு ரேமோடு மல்லுக்கட்டும் பலர் இதைத் தொடாமலே விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது.

ப்ராசஸர் செய்பவர்களே இந்தச் சுமையை ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசனுக்கு, ஒற்றை ரேங்க் ஸ்டிக் இரண்டு போட்டால் 2666 வரை ஆதரவு என்றது ஏஎம்டி. இரட்டை ரேங்க் ஸ்டிக் நான்கு போட்டால் அது 1866 ஆக இறங்கியது. 2022இல் டிடிஆர்5உடன் வந்த ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கு ஸ்டிக்கில் 3600. இந்த எண்கள் ஒரே மாதிரியான நான்கு ஸ்டிக்குகளுக்கே சொல்லப்பட்டவை. கலப்பைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை. ஆகவே ஒரு கிட்டோடு, அதாவது ஒரே பெட்டியில் வந்த ஸ்டிக்குகளோடு, இன்னொன்றைச் சேர்ப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்கிறார். எண்ணிக்கையைக் கூட்டுகிறார், வகையையும் கலக்கிறார். வரும் நிலையின்மையில் எது எதனால் என்று பிரித்துப் பார்க்காமல் ‘கலந்ததால்தான்’ என்று முடிவு கட்டுவது சரியில்லை. கலக்காத நான்கு ஸ்டிக்கும் அதே வேகத்தில் தடுமாறியிருக்கலாம்.

அப்படியானால் ரேம் பெட்டியின் மேல் அச்சிட்ட 3600, 6000 போன்ற எண்கள் என்ன சொல்கின்றன? நினைவகத்துக்கான பொதுத் தரங்களை வகுப்பது ஜெடெக் என்ற தொழில் அமைப்பு. டிடிஆர்4 தரம் 2012இலும் டிடிஆர்5 தரம் 2020இலும் வெளியாயின. டிடிஆர்4 ஸ்டிக் ஒவ்வொன்றிலும் 512 பைட் கொண்ட ஒரு சிறு நினைவகம் இருக்கிறது, எஸ்பிடி என்பது அதன் பெயர். கணினி தொடங்கும்போது பயாஸ் அதைப் படித்து, ‘இந்த ஸ்டிக் தரப்படி இன்ன வேகத்தில் 1.2 வோல்ட்டில் ஓடும்’ என்று தெரிந்துகொள்கிறது. பெட்டியின் மேல் உள்ள எண் பெரும்பாலும் இந்தத் தர வேகத்தைச் சொல்வதில்லை. அது இன்டெல் 2007இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற பக்கத்திலோ, ஏஎம்டி 2022இல் கொண்டுவந்த எக்ஸ்போ பக்கத்திலோ எழுதப்பட்ட மிகைவேகம். அதற்கு டிடிஆர்4இல் வழக்கமாக 1.35 வோல்ட் வேண்டும். சிஎல் என்பது கேட்ட தரவு வரக் காத்திருக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை; ஜெடெக் தரப்படி 3200இல் சிஎல்22 என்றால், கடையில் விற்கும் கிட்டில் அதே வேகத்துக்கு சிஎல்16 இருக்கும். நேரத்தில் சொன்னால் 13.75 நானோநொடியில் செய்ய வேண்டியதைப் பத்து நானோநொடியில் செய்கிறது. அந்த மிச்சத்தை உற்பத்தியாளர் எங்கிருந்து எடுத்தார்? நல்ல சிப்புகளைப் பொறுக்கி, ஒரு பெட்டியில் போகும் ஸ்டிக்குகளைச் சேர்த்துச் சோதித்து எடுத்தார். ‘கிட்’ என்ற பெயரில் அவர் விற்பது அந்தச் சோதனையைத்தான். ஜி.ஸ்கில், கோர்சேர் போன்ற நிறுவனங்கள் வெவ்வேறு கிட்டுகளைக் கலக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. கூடுதல் விற்பனைக்கான தந்திரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் இரண்டு பெட்டிகளைச் சேர்த்து அவர்கள் ஒருபோதும் சோதித்ததில்லை.

இங்கே எழும் வலுவான மறுப்பு, ‘அதே மாடலைத்தானே திரும்ப வாங்கினேன், எண் மாறாமல் அப்படியே இருக்கிறதே’ என்பது. மாடல் எண் வேகத்தையும் டைமிங்கையும் வோல்ட்டேஜையும் சொல்கிறது. உள்ளே இருக்கும் சிப்பைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உலகின் டிராம் சிப்புகளில் மிகப் பெரும் பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களிலிருந்து வருகிறது. ரேம் பிராண்டு அன்று கிடைத்ததை வாங்கி, அதே எண்ணின் கீழ் அனுப்புகிறது. இன்னும் நுட்பமான மாற்றம் சிப்பின் கொள்ளளவில் நடந்தது. டிடிஆர்4 காலத்தின் முற்பகுதியில் 16 ஜிபி ஸ்டிக் என்றால் எட்டு ஜிகாபிட் சிப்பு பதினாறு, இரட்டை ரேங்க். பிற்பகுதியில் அதே 16 ஜிபி, பதினாறு ஜிகாபிட் சிப்பு எட்டாகச் சுருங்கி ஒற்றை ரேங்க் ஆனது. வெளியே ஹீட்சிங்க் அதே நிறம், ஸ்டிக்கர் அதே எண். ப்ராசஸருக்கு இரண்டும் வேறு வேறு சாதனங்கள்.

இந்த வேறுபாடு எப்படிப் பிழையாக மாறுகிறது என்பதைப் புதுப்பித்தல் என்ற வேலையில் தெளிவாகப் பார்க்கலாம். டிராமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம். ஒழுகும் குடத்தை அடிக்கடி நிரப்புவதுபோல அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு புதுப்பித்தல் கட்டளைக்குப் பின் சிப்பைத் தொடாமல் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே டிஆர்எஃப்சி என்ற டைமிங். ஜெடெக் தரத்தில் எட்டு ஜிகாபிட் டிடிஆர்4 சிப்புக்கு அது 350 நானோநொடி, பதினாறு ஜிகாபிட் சிப்புக்கு 550. பழைய ஸ்டிக்கின் எக்ஸ்எம்பி பக்கத்திலுள்ள எண்ணைப் புதிய ஸ்டிக்குக்கும் சேர்த்துத் திணித்தால், அது புதுப்பித்து முடிக்குமுன்பே கதவைத் தட்டுகிறோம். எல்லா ஸ்டிக்கின் எஸ்பிடியையும் படித்து மிகத் தளர்ந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பயாஸுக்கு உண்டு. தர வேகத்தில் அது அதை ஒழுங்காகவே செய்கிறது. எக்ஸ்எம்பியை இயக்கியதும் நிலைமை மதர்போர்டுப் பலகைக்குப் பலகை மாறுகிறது. ஒரு ஸ்டிக்கின் பக்கத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் பொருத்துகிற பலகைகள் உண்டு. எஸ்பிடியில் எழுதப்படாத துணை டைமிங்குகளும் பல இருக்கின்றன. அவற்றைப் பயாஸ் தொடக்கத்தில் தானே அளந்து பார்த்து முடிவு செய்கிறது. மெமரி ட்ரெயினிங் என்னும் இந்த அளவீடு ஒவ்வொரு தொடக்கத்திலும் இம்மி பிசகாமல் ஒரே விடையைத் தருவதில்லை. நேற்று முழு நாள் ஓடிய கணினி இன்று காலை பத்து நிமிடத்தில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

கெட்ட சிப் என்பதே கிடையாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கூகுளின் சர்வர்களை வைத்து பியாங்கா ஷ்ரோடரும் இரண்டு கூகுள் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் எட்டு சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் மாட்யூல்களில் பிழை தென்பட்டதாகச் சொன்னது. அந்தப் பிழைகளில் மேலோங்கி நின்றவை எங்கிருந்தோ வந்து தாக்கும் கதிர்வீச்சின் விளைவுகள் அல்ல, வன்பொருளில் நிலையாக இருந்த குறைகள் என்பதும் அதன் முடிவு. 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். டிராம் கோளாறு திரும்ப வரும்போது பெரும்பாலும் அதே இடத்தில் வருகிறது என்று கண்டார்கள். வன்பொருளால் ஒருமுறை விழுந்த கணினி மறுமுறை விழும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடுகிறது என்றும் கண்டார்கள். நம் பொருளுக்கு அதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் அதில் உண்டு: ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் சிறிதளவு ஓட்டினாலே நம்பகத்தன்மை குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது, குறித்த வேகத்துக்குச் சற்றுக் கீழே ஓட்டினால் கூடுகிறது. அது ப்ராசஸரைப் பற்றிய அளவீடுதான். ஆனால் ரேமை ஆளும் கட்டுப்படுத்தி இன்று ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்எம்பியை இயக்குவது அந்தக் கட்டுப்படுத்தியையும் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் நடைமுறைக்கு உதவும் ஓர் உரைகல் கிடைக்கிறது. சிப்பில் குறை இருந்தால் பிழை ஒரே முகவரியில் அல்லது ஒரு சிறு வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வரும். ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பிழையும் அதோடு போகும். வேகத்தைக் குறைத்தாலும் பெரும்பாலும் போகாது. குறை கூட்டமைப்பில் இருந்தால் பிழைகள் முகவரிகளெங்கும் சிதறி வரும், ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாறும், வேகத்தை இறக்கியதும் மறைந்துவிடும். இது நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன். மிகை வேகத்தில் மட்டும் பலவீனத்தைக் காட்டும் சிப்புகளும் உண்டு. ஆனாலும் எந்தத் திசையில் தேடுவது என்பதை இதைவிட மலிவாகச் சொல்லும் சோதனை வேறில்லை.

தேடலின் வரிசை இதிலிருந்தே பிறக்கிறது. எதையும் தொடுமுன் முக்கியமான கோப்புகளைப் பிரதியெடுக்க வேண்டும். அதையும் புதிய ஸ்டிக்குகளைக் கழற்றி, பழைய கிட்டோடு மட்டும் ஓட்டி எடுப்பதே சரி, ஏனென்றால் நிலையற்ற ரேம் வழியாகப் போகும் பிரதியும் நம்பத்தக்கதல்ல. பிறகு எல்லா ஸ்டிக்கையும் செருகி, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்து, மெம்டெஸ்ட்86+ போன்ற கருவியைப் பென்டிரைவிலிருந்து இயக்கி இரவு முழுக்க விடலாம். பிழையே இல்லையென்றால் பாகங்கள் நல்லவை, தேட வேண்டிய பாதி இடம் கழிந்தது. தர வேகத்திலும் பிழை வந்தால் மட்டுமே ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு தேறிய ஒரு ஸ்டிக்கை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்லாட்டைப் பொறுத்துப் பிழை மாறினால் ப்ராசஸர் சாக்கெட்டில் வளைந்த ஊசியும், சமமில்லாமல் அழுத்தும் கூலரும்கூடச் சந்தேகத்துக்குரியவை. ‘தனித்தனியே எல்லாம் தேறியது, ஆகவே மதர்போர்டு கெட்டது’ என்ற பரவலான முடிவு இந்த இடத்தில்தான் தவறுகிறது. தனிச் சோதனையில் சேனலுக்கு ஒரு ஸ்டிக்தான் சுமை. கோளாறு தோன்றிய நிலையே அங்கே இல்லை.

தர வேகத்தில் தேறிய கூட்டத்தை அங்கேயே விட்டுவிடலாம், மேலே ஏற்றியும் பார்க்கலாம். ஏற்ற விரும்பினால் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். ரேம் தொடர்பான திருத்தங்கள் புதிய பதிப்புகளில் அடிக்கடி வருகின்றன. எக்ஸ்எம்பி பொத்தானை அமுக்குவதை விட்டு, இரண்டு கிட்டில் எது மெதுவானதோ அதன் டைமிங்குகளைக் கையால் எழுதி, டிஆர்எஃப்சியைத் தாராளமாக வைத்து, கமாண்ட் ரேட்டை 2டி ஆக்கி, 2666, 2933, 3200 என்று படிப்படியாக ஏறலாம். டிடிஆர்4இல் எல்லா ஸ்லாட்டுக்கும் பலகையிலிருந்து ஒரே மின்னழுத்தம்தான் போகிறது, 1.2 வோல்ட் ஸ்டிக்கும் 1.35 வோல்ட் ஸ்டிக்கும் சேர்ந்தால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஜெடெக் தரம் டிடிஆர்4 சிப்புக்கு விதிக்கும் தாங்கு எல்லை 1.5 வோல்ட் என்பதால் 1.35இல் வைப்பது பொதுவாக அச்சப்பட வேண்டியதில்லை. இருப்பிடத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு கிட்டின் இரண்டு ஸ்டிக்கும் இரண்டு சேனலுக்குப் பிரிந்து போக வேண்டும், அப்போதுதான் இரு சேனல்களின் கொள்ளளவும் சமமாகும். டெய்சி செயின் பலகையில் இரட்டை ரேங்க் கிட்டை முனை ஸ்லாட்டுகளில் வைத்து, எளிய கிட்டை உள் ஸ்லாட்டுகளில் வைப்பது முதலில் முயல வேண்டிய அமைப்பு.

சோதனைக் கருவிகளைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘மெம்டெஸ்ட்டில் தேறியது’ என்ற சான்றிதழ் அளவுக்கு மேல் மதிக்கப்படுகிறது. 1990களில் லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்தவர்கள் ‘சிக்னல் 11’ என்ற பிழையோடு கம்பைலர் விழுவதைக் கண்டு கம்பைலரைத் திட்டினார்கள். ரோஜியர் வுல்ஃப் அதற்கென்றே ஒரு கேள்வி பதில் ஆவணம் எழுதி, காரணம் பெரும்பாலும் வன்பொருள், அதிலும் குறிப்பாக நினைவகம் என்று விளக்கினார். பயாஸின் தொடக்கச் சோதனையில் தேறிய ரேம் கெர்னல் கம்பைலில் தவறியது. காரணம், உண்மையான வேலை ப்ராசஸரையும் ரேமையும் வட்டையும் ஒரே நேரத்தில் நெருக்குகிறது. இன்றும் அதே கதைதான். மெம்டெஸ்ட்86+ கெட்ட சிப்பைக் கண்டுபிடிப்பதில் சிறந்தது. விளிம்பில் நிற்கும் டைமிங்கைக் கண்டுபிடிக்க டெஸ்ட்மெம்5, ஒய்-க்ரஞ்சர், பிரைம்95 போன்றவற்றை விண்டோஸுக்குள் ஓட்டினால்தான் ப்ராசஸரின் சூடும் சேர்ந்து வரும். சூடு இங்கே சின்ன விஷயமல்ல. வெப்பம் ஏற ஏற மின்தேக்கியின் ஒழுக்கு கூடுகிறது. 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று தரமே சொல்கிறது. நான்கு ஸ்டிக்கும் இடைவெளியின்றி நிற்க, பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டு அனல் கக்கும்போது விளையாட்டில் மட்டும் கணினி விழுவதற்கு இது போதும். ட்ரெயினிங் மாறுவதைப் பிடிக்க, முழுக்க அணைத்து ஆறவிட்டுத் திரும்பத் தொடங்கிச் சோதிப்பதும் அவசியம்.

டிடிஆர்5 இந்தப் படத்தைச் சில இடங்களில் மாற்றியிருக்கிறது. மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பிஎம்ஐசி சிப் ஒவ்வொரு ஸ்டிக்கிலும் ஏறிவிட்டதால் பலகையின் ஒரே மின்னழுத்தம் என்ற தடை தளர்ந்தது. ஆனால் வேகம் கூடியதால் நான்கு ஸ்டிக்கின் தண்டனை கடுமையானது. முன்னே சொன்ன 5200க்கும் 3600க்கும் உள்ள இடைவெளியே சாட்சி. ட்ரெயினிங்கும் நீண்டுவிட்டது. புதிய ஸ்டிக் செருகியபின் முதல் தொடக்கத்தில் திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். கணினி செத்துவிட்டது என்று எண்ணி நடுவில் அணைப்பவர்கள் இல்லாத கோளாற்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கப் பழைய அளவீட்டையே திரும்பப் பயன்படுத்தும் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் போன்ற வசதிகள் ஏஎம்டி பலகைகளில் உண்டு. கோளாறு தேடும் காலத்தில் அவற்றை அணைத்து வைப்பது நலம். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறதே, பிறகு என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வசதி சிப்பின் உள்ளே சேமிப்பில் நேரும் ஒற்றை பிட் பிழையைத் திருத்தும். சிப்புக்கும் ப்ராசஸருக்கும் இடையிலுள்ள கம்பியில் சிதையும் பிட்டை அது பார்ப்பதே இல்லை. கலப்பு ரேமின் நோவு பெரும்பாலும் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது.

‘பல ஆண்டுகளாகக் கலந்துதான் ஓட்டுகிறேன், எதுவும் ஆகவில்லை’ என்ற மறுப்பை மரியாதையோடு கேட்க வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் உண்மை. இந்தியச் சந்தையில் ஒற்றை ஸ்டிக்காக விற்பது சாதாரணம். இன்று ஒன்று, வசதிப்பட்டபோது இன்னொன்று என்று சேர்த்தே எண்ணற்ற வீட்டு, அலுவலகக் கணினிகள் ஓடுகின்றன. அவை ஓடுவது மேலே சொன்ன வாதத்தை உறுதிப்படுத்தவே செய்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தர வேகத்தில், எக்ஸ்எம்பி இல்லாமல் ஓடுபவை. ஜெடெக் தரம் இருப்பதே வெவ்வேறு கைகளில் செய்த ஸ்டிக்குகள் ஒன்றாக வாழ்வதற்காக. அந்த எல்லைக்குள் நிற்கும்வரை கலப்பு ஒரு பாவமல்ல. எல்லையைத் தாண்டி ஓடியும் தவறாதவர்கள் உண்டு. ஆனால் பிழை காட்டாத கணினி பிழை செய்யாத கணினி என்று கொள்ள முடியாது. சாதாரண மேசைக் கணினியில் பிழையைக் கண்டு அறிவிக்கும் இசிசி ரேம் இல்லாததால், ஒரு படத்தின் நடுவில் மாறிய பிட்டையும் ஒரு கணக்குத் தாளில் மாறிய எண்ணையும் யாரும் அறிவிக்கப்போவதில்லை.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்ற அறிவுரைக்கு ஓரளவு நியாயம் உண்டு, ஆபத்தும் உண்டு. ரைசனில் எஸ்ஓசி வோல்ட்டேஜ் எனப்படும் கட்டுப்படுத்தியின் மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தினால் நான்கு ஸ்டிக் கூட்டம் அமைதியடைவது உண்மையே. 2023இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் கருகிய செய்திகள் வந்தபோது, எக்ஸ்போவை இயக்கியதும் பலகைகள் தாமாகவே ஏற்றிய எஸ்ஓசி மின்னழுத்தம் காரணமாகச் சுட்டப்பட்டது. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பை விதித்துப் புதிய பயாஸ் வரச் செய்தது. ரேமின் நூறு மெகாஹெர்ட்ஸுக்காக ப்ராசஸரைப் பணயம் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். வேகத்தை ஒரு படி இறக்குவது இலவசம், திரும்பப் பெறக்கூடியது.

வேகத்தை இறக்கினால் வாங்கிய பணம் வீண் என்று வருந்துபவர் எதற்காக ரேம் சேர்த்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரட்டைச் சேனலில் 3200 வேகம் நொடிக்கு 51.2 ஜிபி தரும், 2666 சுமார் 42.6 ஜிபி தரும். ஆறில் ஒரு பங்கு இழப்பு, அதுவும் உச்சக் கணக்கில். நினைவகம் போதாமல் கணினி எஸ்எஸ்டிக்குப் போனால், நூறு நானோநொடிக்குள் கிடைக்க வேண்டியது பல பத்து மைக்ரோநொடிகளுக்குத் தள்ளிப்போகிறது. நூற்றுக்கணக்கான மடங்கு இழப்பு. வீடியோ தொகுப்பவர், மெய்நிகர் கணினிகள் ஓட்டுபவர், பெரிய தரவோடு வேலை செய்பவர் ஆகியோருக்கு மெதுவான 32 ஜிபி, வேகமான 16 ஜிபியைவிடச் சந்தேகமின்றி மேல். 16 ஜிபியே நிரம்பாத விளையாட்டுக் கணினிக்கு இந்தச் சேர்ப்பே தேவையில்லை; அங்கே புதிய ஸ்டிக்குகளைக் கழற்றுவதுதான் தீர்வு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர், வேகமும் கொள்ளளவும் சேர்ந்து வேண்டுமென்றால், பழையதை விற்று இரண்டு 16 ஜிபி கொண்ட ஒரே கிட்டை வாங்குவதே ஒழுங்கான வழி. இந்த அறிவுரை சில ஆண்டுகளுக்கு முன் எளிதாக இருந்தது. செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது; அந்த டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. கையிலிருப்பதோடு கிடைத்ததைச் சேர்த்து ஓட்ட வேண்டிய நிலையில் இருப்பவரை, ‘கலக்கவே கூடாது’ என்ற ஒற்றை வரியால் திருப்பி அனுப்புவது நேர்மையாகாது. தர வேகத்தில் தேறும் கலப்பு அவருக்குப் போதுமானது.

கணினி நிலைப்பட்டபின் செய்யாமல் விடப்படும் வேலை ஒன்று இருக்கிறது. தடுமாறிய நாட்களில் வட்டில் எழுதப்பட்ட எல்லாம் அந்த ரேம் வழியாகப் போனவை. அப்போது நிறுவிய விண்டோஸ் அப்டேட்டுகளும் டிரைவர்களும் சிதைந்திருக்கலாம். ரேம் சரியான பிறகும் நீலத்திரை தொடர்ந்தால், கணினிக் கோப்புகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையை ஓட்டி, தேவையெனில் விண்டோஸையே திரும்ப நிறுவ வேண்டிய சரியான நேரம் இதுவே. அந்த நாட்களில் நகலெடுத்த புகைப்படங்களையும் சுருக்கி வைத்த கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டும். மூலம் வேறிடத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிய ஸ்டிக் செருகுவதற்கு முன் எடுத்த பேக்கப் இருந்தால், இந்தச் சரிபார்ப்பு முடியும்வரை அதன் மேல் எதையும் எழுதக் கூடாது.